டி. பி. ராஜலட்சுமியைத் தேடிப் போகிறவர்களுக்கு

'சினிமா ராணி' என்று பெயர் பெற்ற நடிகை ராஜலட்சுமியைப் பற்றி எழுத உட்காருகிற யாரும் முதலில் கேட்பது, அவர் நடித்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' எங்கே பார்க்கலாம் என்றுதான். பார்க்க முடியாது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான அந்தப் படத்துக்குப் பிரதியே மிஞ்சவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள், எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் வகை. நம் ஊர் வெக்கையில் பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. ஓடி முடிந்த சுருளை, அதிலிருக்கும் வெள்ளிக்காகக் கரைத்ததும் உண்டு. புனே திரைப்படக் காப்பகம் தொடங்கியதே 1964இல். அதே ஆண்டுதான் ராஜலட்சுமி காலமானார். ஆகவே படத்தை விட்டு, அதைப் பற்றி அச்சான காகிதத்தைத் தேடுங்கள்.

*

மேலே முதல் பகுதியை எழுதிய அண்ணன் சொன்ன காகிதத்தில் முதன்மையானது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்றது: நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டு வரிகள், பல பாட்டுகளுக்கு ராக தாளம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இந்த வகை நிறைய இருக்கிறது. அவர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி கைநழுவும். ராஜலக்ஷ்மி, ராஜலட்சுமி, இராஜலட்சுமி என்று மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், கதைச் சுருக்கம் பெரும்பாலும் முடிவைச் சொல்லாது. 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். வெள்ளித்திரையே இல்லாதபோது என்ன செய்வது? 1936இல் அவர் இயக்கி நடித்த 'மிஸ் கமலா'வுக்கு ஒரு வழி உண்டு. அது அவரே எழுதிய 'கமலவல்லி' நாவலிலிருந்து வந்தது. ஆனால் நாவலின் முடிவே படத்தின் முடிவு என்று எழுதிவிடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

புத்தகத்தை முழுதாக விரிக்கவே கூடாது. மடிப்பில் தாள் ஒடியும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்.

*

நாடக மேடையை விட்டுவிட்டு ராஜலட்சுமியின் சினிமாவை நாம் புரிந்துகொள்ள முடியாது. ஒலிபெருக்கி இல்லாத மேடை. ஆர்மோனியத்தை மீறிக் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும், வசனமும் தெளிவாக விழ வேண்டும். ஆரம்பகாலப் பேசும்படத்தில் பின்னணிப் பாட்டு கிடையாது. கேமரா ஓடும்போதே பாட வேண்டும், பக்கவாத்தியம் சட்டகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். முகத்தைத் திருப்பினால் ஒலி குறையும், மேடைபோல உரக்கப் பாடினால் பதிவு கரகரக்கும். ஊமைப்படத்திலும் நடித்து, பாடவும் தெரிந்தவர் என்பதால் இரண்டுக்கும் அவர் பொருந்தினார்.

'காளிதாஸி'ல் அவர் பேசியது தமிழ், நாயகன் பேசியது தெலுங்கு. 'முதல் தமிழ்ப் பேசும்படம்' என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸ் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி எழுதிய பாட்டையும் அதில் பாடினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் காந்தியைத் திரையில் பாடியது சாதாரணத் துணிச்சல் இல்லை.

*

மேலே நாடக மேடை பற்றி அக்கா எழுதியதோடு இரண்டு எச்சரிக்கை. பழைய ஆவணத்தில் நீளம் அடிக்கணக்கில் இருக்கும். பேசும்படமென்றால் 90ஆல் வகுத்தால் நிமிடம் வரும்: 13,500 அடி, இரண்டரை மணி நேரம். ஊமைப்படத்துக்கு இந்தக் கணக்கு தவறு. அது மெதுவாக ஓடியது. நொடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்) என்றால் 60ஆல் வகுக்க வேண்டும்.

அடுத்தது, இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று அவரை எழுதுகிறார்கள். ஃபாத்மா பேகம் 1926இலேயே படம் இயக்கிவிட்டார். ராஜலட்சுமி தமிழ்ப் படவுலகில்தான் முதல் பெண் இயக்குநர்.