மழைநீர் வடிகாலில் வடிகட்டும் அமைப்பு: நகராட்சியிடம் எந்த நிதியில் கேட்பது?

கேள்வி: குடியிருப்போர் சங்கச் செயலாளர், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியின் மழைநீர் வடிகால் நேராக ஏரியில் போய் விழுகிறது. கோடைமழை பெய்த மறுநாள் காலையில் ஏரிக்கரைச் சிறுபாலத்தின் அடியில் இறங்கிப் பார்த்தேன். மாங்காய் மண்டிகளிலிருந்து அடித்து வரப்பட்ட வைக்கோலும் மாங்கொட்டைகளும் பாலித்தீன் பைகளும் முழங்கால் உயரத்துக்கு அடைத்துக் கிடந்தன. அவற்றின் இடுக்குகளில் புகுந்து ஏரிக்குள் இறங்கிய நீரின்மேல் வாகனப் பட்டறைகளின் எண்ணெய் வானவில் நிறத்தில் படர்ந்திருந்தது. அந்த ஏரியின் ஊற்றை நம்பித்தான் எங்கள் ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன.

ஏரியின் முகப்பில் வண்டல் தொட்டியும் சல்லடையும் கூழாங்கல் படுகையும் அமைத்துத் தருமாறு கேட்டால், நிதி இல்லை என்ற பதிலே வருகிறது. சென்னைக்கு வெளிநாட்டு வங்கிகள் கடன் தருகின்றனவே, எங்களைப் போன்ற சிறிய நகராட்சி எந்தக் கணக்கில் கேட்க வேண்டும்?

பதில் 1: காவேரிப்பட்டணத்துக்காரர், இப்போது சென்னையில்

ஐயா, சென்னையின் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த இயலாது. சென்னையின் கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. கோவளம் வடிநிலப் பணிக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி உதவுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் கண்ட பிறகு, வெள்ளத்தைத் தடுப்பதற்கு என்று கேட்டதால்தான் அங்கே பெருந்தொகை கிடைத்தது. நீரைச் சுத்தமாக்குவது அந்தக் கோரிக்கையின் முன்வரிசையில் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர் நீர் தென்பெண்ணையில் கலந்து, சாத்தனூர் அணையைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில் சேருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியபோது, கடலூர் வரை ஆற்றங்கரை ஊர்கள் என்ன பாடுபட்டன என்பதை நாம் மறக்கவில்லை. கரையோர நகரத்தின் கழிமுகத்தில் வடிகட்டி அமைப்பதைவிட, மேல்பகுதி ஊர்கள் தத்தம் ஏரி முகப்பிலேயே குப்பையைப் பிடித்து நிறுத்துவது செலவு குறைந்த வழி. இந்த வாதத்தை உங்கள் மனுவில் எழுதுங்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற நகராட்சிப் பொறியாளர், தருமபுரி

இரண்டு வாய்ப்புகள் உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட அம்ருத் 2.0 என்ற மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டத்தில் நீர்நிலைப் புனரமைப்பும் அடங்கும். ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு மத்திய அரசின் பங்கு பாதி. 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரியும் தருமபுரியும் இந்த வரம்புக்குள் வருகின்றன. அடுத்தது, 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காட்டைச் சுகாதாரம், குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்ற பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. இனி வரும் மானியங்களிலும் எந்தத் தலைப்பின்கீழ் உங்கள் பணி அடங்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டு, அந்தத் தலைப்பின் சொற்களையே மனுவிலும் பயன்படுத்துங்கள்.

பெரிய தடை பணமன்று. அம்ருத் திட்டத்தில் மழைநீரை ஏரிக்குக் கொண்டுசெல்லும் பணிக்குக் கழிவுநீர் கலக்காத ஏரியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வடிகாலில் திறந்துவிடப்பட்டிருந்தால் கூழாங்கல் படுகை இரண்டே மாதங்களில் சளிபோல் அடைத்துக்கொள்ளும். குழாய்களை எண்ணிப் பட்டியலிட்டு மனுவுடன் இணையுங்கள்.

அளவையும் மிகைப்படுத்தாதீர்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். ஐந்து ஹெக்டேர் தெருக்களிலும் கூரைகளிலும் முதல் ஐந்து மில்லிமீட்டர் முழுவதும் வழிந்தோடினால் 2.5 லட்சம் லிட்டர். அழுக்கின் பெரும்பகுதி இந்த முதல் நீரில்தான் வருகிறது. அதை மட்டும் தொட்டியில் தேக்கி வடிகட்டி, மீதியைத் தனி மதகு வழியே விட்டால் போதும். மொத்த வெள்ளத்தையும் வடிகட்ட மதிப்பீடு போட்டால் எந்த நகர்மன்றமும் தீர்மானம் நிறைவேற்றாது.

பதில் 3: இல்லத்தரசி, தருமபுரி

ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் கட்டிய பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் இதே போன்ற ஒரு வடிகட்டும் தொட்டி கட்டப்பட்டது. முதல் ஆண்டு நன்றாக இருந்தது. அதன்பின் யாரும் மூடியைத் திறக்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் நீர் பின்னோக்கி ஏறி எங்கள் வாசல்படியைத் தொட்டது. மேலே மண் மூடிப் புல் முளைத்திருந்ததால், தொட்டி எங்கே இருக்கிறது என்பதே வந்த பணியாளர்களுக்குத் தெரியவில்லை. கட்டுவதற்குத் திட்ட நிதி வரும். தூர்வார ஆண்டுதோறும் யார் பணம் தருவார் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் மாவட்டங்களில் ஆகஸ்டிலேயே மழை வலுப்பதால், அக்டோபருக்குக் காத்திராமல் ஜூலையில் முதல் சுத்தம் என்று மாதத்தையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அம்மா சொன்ன பராமரிப்புச் செலவை எங்கள் மனுவில் முற்றிலும் விட்டுவிட்டோம். வைக்கோலை மண்டிகளே வாரி அகற்ற வேண்டும் என்று வணிகர்களிடமும் பேசவிருக்கிறோம். அது நடந்தால் சல்லடையின் சுமை பாதியாவது குறையும் என்று நம்புகிறேன். வரும் ஞாயிறு காலை நான்கு பேர் வடிகால் நெடுக நடந்து, கழிவுநீர்க் குழாய்களை வீட்டு எண்ணோடு குறிக்கிறோம். பொறியாளர் ஐயா, மன்றத்துக்குக் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?