தருமபுரி மாற்றல்: தண்டனையா?

சேலத்து மாப்பிள்ளை:
தருமபுரிக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஆபீசில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்கள். "தண்ணியில்லாத காட்டுக்குப் போக என்ன தப்பு செஞ்சே?" என்று கேட்கிறார் ஒருவர். ஓசூர் என்றால் பரவாயில்லையாம், அது பெங்களூர் மாதிரி, தமிழ்நாட்டுக் கணக்கிலேயே வராதாம். நிஜமா?

பாலக்கோடு தக்காளி:
இதைச் சேலத்துக்காரரா கேட்பது? 1965 வரை நாங்களும் சேலம் மாவட்டம்தான் சார். பிரித்துவிட்ட பிறகு காடாகிவிட்டோமா? அதியமான் ஆண்ட தகடூர் இது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண்.

ஓசூர்க்காரன்:
வந்துவிட்டார் அதியமான்! சரி, நெல்லிக்கனி இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கணக்கில் வராத ஊரா எங்களுடையது? ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோதும் இந்தப் பக்கமே இருந்தோம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவன் நான். எதில் குறைந்துவிட்டேன்?

பாலக்கோடு தக்காளி:
அப்புறம் ஏன் சென்னைக்குப் போனால் "பெங்களூர் பக்கம்" என்கிறீர்கள்? 2004-ல் எங்களிடமிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூர் கம்பெனிகள் உங்களோடு போய்விட்டன, பின்தங்கிய மாவட்டம் என்ற பேர் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது.

ஓசூர்க்காரன்:
பெங்களூர் 40 கிலோமீட்டர், தருமபுரி அதைப்போல இரண்டு மடங்கு. கிட்ட இருப்பதைத்தானே சொல்ல முடியும்? கம்பெனி என்கிறீர்களே, தளி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களைப் போய்ப் பாருங்கள். அது கிடக்கட்டும், உங்கள் ஊர்ப் பையன்கள் ஏன் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள்? நாலு பேர் சொல்வதில் கொஞ்சமாவது உண்மை இருக்கும்.

பென்னாகரத்து அக்கா:
தம்பிகளா, தண்ணிக் கஷ்டம் பொய்யில்லை. ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது, நாங்கள் குடித்ததோ ஃப்ளூரைடு கலந்த போர் தண்ணி. பல்லெல்லாம் கறை. வெளியூர் காலேஜில் பல்லைப் பார்த்தே "தருமபுரியா?" என்பார்கள். கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற பெண்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில் வந்தது. 2008-ல் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, தள்ளிப்போய், 2013-ல்தான் திறந்தார்கள். ஓசூருக்கும் அதே தண்ணிதான் வருகிறது, தம்பிக்கு ஞாபகம் இருக்கட்டும். கேலி செய்கிறவர்கள் அந்தப் பல் எதனால் அப்படி ஆனது என்று ஒரு நாளாவது கேட்டார்களா?

சேலத்து மாப்பிள்ளை:
அக்கா, எனக்கு இது தெரியாது. சேலத்திலிருந்தே தினம் பஸ்ஸில் வந்து போகலாம் என்றிருந்தேன்.

பென்னாகரத்து அக்கா:
மாற்றலாகி வருகிற பாதிப் பேர் அப்படித்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். ஊருக்குள் ஒரு தெரு பார்த்திருக்க மாட்டார்கள், காடு என்று சொல்ல மட்டும் தெரியும். வீடு எடுத்துத் தங்குங்கள், களி கிண்டிப் போடுகிறேன்.

பாலக்கோடு தக்காளி:
ஓசூர்க்காரரே, இனிமேல் சென்னையில் கேட்டால் எந்த ஊர் என்பீர்கள்?

ஓசூர்க்காரன்:
கிருஷ்ணகிரி மாவட்டம் என்பேன். தருமபுரி என்று சொல்ல மாட்டேன், அதுதான் 2004-லேயே பிரித்தாயிற்றே!