ஆறு பேர், அதில் மூன்று பேர் புதுசு: எந்த ரேண்டம் மேப் எடுப்பது? ஞாயிறுதோறும் சண்டை

செம்பனைக்காடு:
வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு மதியம் ஆனால் எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடி ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2 என்ற கம்ப்யூட்டர் போர் கேம் ஆடுகிறோம், புதுப்பித்த டெஃபினிட்டிவ் எடிஷன்தான். நான், என் தம்பி, பெரியப்பா மகன், அத்தை மகன் (பிரச்சினையே இவன்தான், வருகிறேன்), அப்புறம் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பையன்கள் இரண்டு பேர். அத்தை மகனும் நானும் பெரியப்பா மகனும் பல வருஷமாக ஆடுகிறோம், மற்ற மூவரும் இந்த வருஷம்தான் கற்றுக்கொண்டார்கள். மூன்றுக்கு மூன்று என்று பிரித்துக்கொள்வோம்.

யாராவது மேப்பை, அதாவது ஆடுகளத்தை, தேர்ந்தெடுத்தால் "நீ உனக்கு வசதியா எடுத்துட்டே" என்று பேச்சு வருகிறதே என்றுதான் ஃபுல் ரேண்டம் போட்டோம், கேமே ஒரு மேப்பை எடுத்துக்கொள்ளும். அதிலும் பேச்சுதான். போன வாரம் ஐலண்ட்ஸ் வந்தது. லயத்துப் பையன்கள் இருவரும் 25 நிமிடம் கப்பல் கட்டும் டாக் ஒன்றுகூடக் கட்டாமல் தீவிலேயே குதிரை வளர்த்துக்கொண்டு இருந்தார்கள், கப்பல் வந்து சுட்டபோதுதான் இது தீவு என்றே அவர்களுக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம் அராபியா, திறந்த தரை மேப். என் தங்கம் சரியாக அத்தை மகன் வீட்டு வாசலில் கிடந்தது, அவன் அதன் தலைமேல் டவர் கட்டி உட்கார்ந்துவிட்டான். ஆரம்பத்தில் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் ஆடுகளிலும் எனக்கு ஆறுதான், அவனுக்குப் பத்து! "மேப் கொடுத்துச்சு, நான் என்ன செய்யட்டும்" என்கிறான். ஆட்டத்தைத் திறந்து எல்லோரையும் சேர்க்கும் ஹோஸ்டும் அவனுடைய கம்ப்யூட்டர்தான், அதனால் அதில் ஏதோ செய்து வைத்திருக்கிறான் என்று என் தம்பி சொல்கிறான்.

போதாததற்கு நாற்பது நிமிடம் தாண்டினால் ஆட்டம் ஆமை வேகம். வேலைக்கார வில்லேஜர் ஒரு மரத்தை வெட்டி முடிப்பதற்குள் எழுந்து போய் தே தாரிக் கலக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

எந்த மேப் போட்டால் ஆறு பேருக்கும் நியாயமாக இருக்கும்? ரேண்டம் மேப்பில் ஹோஸ்டுக்கு நல்ல இடம் போகுமா?

கருங்காடு:
பிளாக் ஃபாரஸ்ட். வேறு பேச்சே வேண்டாம்.

பழைய சைபர்கடை:
தம்பி, மேப் பேரை அப்புறம் பார்ப்போம். மேப் அளவு என்ன வைத்திருக்கிறீர்கள்? பாப்புலேஷன், அதாவது ஆளுக்கு எத்தனை உயிர்வரை, எவ்வளவு? இருப்பதிலேயே பழைய மெஷின் யாருடையது, அதில் ரேம் எவ்வளவு?

செம்பனைக்காடு:
இடம் தாராளமாக இருந்தால் சண்டை குறையும் என்று நினைத்து இருப்பதிலேயே பெரிய அளவான லூடிக்ரஸ் வைத்தோம் அண்ணே. பாப்புலேஷன் 200. பெரியப்பா மகன் லேப்டாப்தான் ரொம்பப் பழசு, 4 ஜிபி.

பழைய சைபர்கடை:
அதுதானே பார்த்தேன். ஆறு பேருக்கு என்று கேமே வைத்திருக்கும் அளவு 200க்கு 200 கட்டம், அதாவது 40,000. லூடிக்ரஸ் 480க்கு 480, கணக்குப் போட்டால் 2,30,400. ஏறக்குறைய ஐந்தே முக்கால் மடங்கு நிலத்தை அந்த 4 ஜிபி லேப்டாப் தூக்கிச் சுமக்கிறது. இந்த கேமில் எல்லா மெஷினும் ஒரே கணக்கைச் சேர்ந்தே போட்டு ஒன்றாக நகர வேண்டும், ஒன்று பின்தங்கினால் மற்ற ஐந்தும் அதற்காக நிற்கும். அத்தை மகனிடம் எவ்வளவு விலையுயர்ந்த மெஷின் இருந்தாலும் அந்த வீட்டில் ஓடுவது பெரியப்பா மகன் லேப்டாப்பின் வேகம்தான்.

மேப்பை ஆறு பேர் அளவுக்கு இறக்குங்கள். பாப்புலேஷன் 200 என்றால் ஆறு பேருக்கும் சேர்த்து 1,200 உயிர் திரையில் நடமாடும், 150 வையுங்கள், 900 ஆகும். அந்த லேப்டாப்பில் என்ஹான்ஸ்டு கிராஃபிக்ஸ் பேக் ஏற்றியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது தனி டவுன்லோடுதான், இல்லாமலும் கேம் ஓடும்.

பெரிய மேப்பில் இன்னொரு வம்பும் இருக்கிறது. எதிரி வீட்டுக்கு நடந்து போகவே அவ்வளவு நேரம் ஆகும்போது யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள், எல்லோரும் வயல் போட்டு உட்கார்ந்து பாப்புலேஷனை நிரப்புவார்கள், அதனாலேயே லேக் இன்னும் ஏறும். 1999ல் முதல் பதிப்பு வந்த காலத்திலிருந்து கடையில் பையன்களைப் பார்த்தவன் சொல்கிறேன், "பெரிய மேப் போடுங்கண்ணே" என்று கேட்டவன் எவனும் ஆட்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனதில்லை.

நிரை12:
மேப் எழுதிப் பழகுகிறவள் என்பதால் ஹோஸ்ட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஹோஸ்டுக்கு என்று நல்ல இடம் எதுவும் கிடையாது. ரேண்டம் மேப் என்பது ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தே படிக்கலாம். இன்ன நிலம் போடு, இத்தனை சதவீதம் காடு போடு, அப்புறம் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இத்தனை ஆடு, இத்தனை பன்றி, இத்தனை தங்கம், டவுன் சென்டரிலிருந்து (ஆளுக்கு ஆரம்பத்தில் இருக்கும் தலைமைக் கட்டடம்) இத்தனை கட்டத்துக்குள் வை என்று வரிசையாக எழுதியிருக்கும். "செட் ப்ளேஸ் ஃபார் எவ்ரி ப்ளேயர்" என்று ஒரு வரி உண்டு, அது எல்லோருக்கும் பொது. அராபியா மாதிரி வழக்கமான தரை மேப் என்றால் ஆளுக்கு எட்டு ஆடு: நான்கு டவுன் சென்டர் பக்கத்தில், மற்ற நான்கு இரண்டிரண்டாகக் கொஞ்சம் தள்ளி. காட்டுப்பன்றி இரண்டு. முதல் தங்கக் குவியலில் ஏழு கட்டி, கட்டிக்கு 800.

ஆக எண்ணிக்கையில் ஏமாற்று இல்லை. எத்தனை, எவ்வளவு தூரம் என்பதைக் கோப்பு சொல்லும், எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. உங்கள் தங்கம் வீட்டுக்குப் பின்னால் விழுந்தால் நிம்மதியாக வெட்டலாம், அதே தூரத்தில் எதிரி பக்கம் விழுந்தால் டவர்தான். அதன் பக்கத்தில் ஒரு மேடு இருந்து அவன் அதில் ஏறிக்கொண்டால் இன்னும் மோசம், மேலிருந்து அடிப்பவனுக்கு அடி 25 சதவீதம் கூடும், கீழிருந்து அடிக்கும் உங்களுக்கு 25 குறையும்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) நிரை, அதாவது மரவரிசை, பிரித்துக் கொடுக்கும்போது மரம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கைதானாம், ஆனால் ஒருத்தி நிரை சாலையோரம், இன்னொருத்தி நிரை மேட்டிலே, பால் வாளியோடு ஏறி இறங்கணும். "மரத்தை எண்ணிக் கொடுத்தான், மேட்டை எண்ணலையே" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் எந்தப் பக்கம் விழுந்தாலும் முதல் இருபது நிமிடத்துக்கு ஆள் சாகாத மேப்பாகப் பாருங்கள். அரீனாவில் ஆரம்பத்திலேயே சுற்றிக் கல்மதில் இருக்கும், ஹைட்அவுட்டில் மரவேலி. உங்கள் லயத்துப் பையன்களுக்கு இந்த இரண்டும்தான் சரி.

அந்த ஆடு விஷயம் எனக்கு இடிக்கிறது. ஒருவனுக்கு ஆறு, ஒருவனுக்குப் பத்து என்றால் கூட்டினால் பதினாறு, சரியாக ஆளுக்கு எட்டு. உங்கள் இரண்டு ஆடு நடந்து போயிருக்கிறது. ரெக்கார்டு கேம் டிக் போட்டிருந்தால் அந்த ஆட்டத்தைத் திறந்து, எல்லோர் பார்வையையும் போட்டு, முதல் ஐந்து நிமிடம் மட்டும் பாருங்கள்.

வேலிக்கு_வெளியே:
அரீனா, ஹைட்அவுட் எல்லாம் குழந்தைகளைத் தொட்டிலில் போடுகிற வேலை. அராபியாவில் பத்து தடவை அடி வாங்கட்டும், தானாகக் கற்றுக்கொள்வார்கள். நாங்கள் அப்படித்தான் கற்றோம்.

பழைய சைபர்கடை:
நீங்கள் அப்படிக் கற்றபோது உங்களோடு ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வருவதே பெரிய விஷயம். நான்காவது அடிக்கு அந்தப் பையன்கள் பந்து விளையாடப் போய்விடுவார்கள், அப்புறம் மிச்சம் நான்கு பேர் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கருங்காடு:
பிளாக் ஃபாரஸ்டிலும் யாரும் சீக்கிரம் சாகமாட்டார்கள். சுற்றிக் காடு, போவதற்கு இரண்டு சந்து, அடைத்துவிட்டால் முடிந்தது.

நிரை12:
சாகமாட்டார்கள், உண்மைதான், ஆனால் ஆட்டமும் முடியாது அண்ணே. மரத்தை உடைத்துக்கொண்டு வர ஒருவன் கல்லெறியும் ஆனேஜர் வண்டி செய்யும்வரை காத்திருக்கணும், அந்த 4 ஜிபி லேப்டாப் அதுவரை தாங்காது.

செம்பனைக்காடு:
பார்த்துவிட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது நிமிடம் கூட ஆகவில்லை. என் இரண்டு ஆடு காட்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் நிற்கிறது. வேவு பார்க்கும் என் குதிரைவீரன், ஸ்கவுட், எங்கே என்று பார்த்தால், நேராக மேப்பின் நடுவுக்குப் போய் ஒரு குளத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான், எதற்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தை மகன் ஸ்கவுட் தன் வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நிற்காமல் என் வீட்டு ஓரமாக வருகிறான், ஆடு இரண்டும் அவன் நிறத்துக்கு மாறுகிறது, வால் பிடித்த மாதிரி அவன் பின்னாலேயே போகிறது. என் வில்லேஜர் ஒருத்தி பத்தடி தள்ளி பெர்ரி பறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை அவனே என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து சிரி சிரியென்று சிரித்தான். "மேப் கொடுத்துச்சுன்னு சொன்னியேடா" என்றால், "ஆமா, உன் பக்கத்து மேப்" என்கிறான்.

தம்பியிடம் அந்த மேப் கோப்பையும் திறந்து காட்டினேன். இப்போது சந்தேகம் கம்ப்யூட்டர் மேல் இல்லை, ஆள் மேல்தான்.

அளவைக் குறைத்து ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தோம், ஒரு மணி நேரம் தாண்டியும் லேப்டாப் திணறவில்லை. ஆனால் மேப்பை யார் தேர்ந்தெடுப்பது என்ற சண்டை அப்படியே இருக்கிறது. ரேண்டம் லேண்ட் மேப் வைத்தால் கடல் வராது என்கிறார்கள், அது போதுமா?

நிரை12:
கடல் வராது, ஆனால் தரை மேப்பிலேயே உங்கள் பையன்களுக்கு ஆகாதது வரும். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஆறு பேருக்கு ஏழு மேப் ஒரு தாளில் எழுதுங்கள்: அராபியா, அரீனா, ஹைட்அவுட், பிளாக் ஃபாரஸ்ட், கோல்ட் ரஷ், ஃபோர் லேக்ஸ், நோமாட். ஆளுக்கு ஒன்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டியது, மிஞ்சுவதுதான் ஆட்டம். யாரும் ரொம்ப வெறுப்பது மிஞ்சாது.

அடிக்கும் வரிசைதான் முக்கியம். கடைசியாக அடிப்பவன் கையில் இரண்டு மேப் இருக்கும், உண்மையில் தேர்ந்தெடுப்பது அவன்தான். போன வாரம் தோற்ற அணியில் ஒரு புதியவனுக்கு அந்தக் கடைசிக் கோட்டைக் கொடுங்கள். அத்தை மகன் முதலில் அடிக்கட்டும்.

நோமாட் வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு வேறு போடுங்கள், டவுன் சென்டரே இல்லாமல் மூன்று வில்லேஜரைத் திசைக்கு ஒருவராக விட்டால் புதியவர்கள் அழுதுவிடுவார்கள். ரிவீல் மேப் என்ற இடத்தில் எக்ஸ்ப்ளோர்ட் வையுங்கள். நிலம் முழுவதும் முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரியும், யார் தங்கம் எங்கே என்று ஒளிக்க முடியாது, முதல் இரண்டு நிமிடத்தில் ஆறு பேரும் ஒத்துக்கொண்டால் திரும்பப் போடலாம். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

பழைய சைபர்கடை:
இன்னும் ஒன்று. டீம் டுகெதர் டிக் போடுங்கள், அணி ஆட்கள் பக்கம் பக்கமாக விழுவார்கள். மூன்று பேரில் நடுவில் இருப்பவனுக்கு அடி தாமதமாகத்தான் வரும், குதிரைப்படை கட்ட நேரம் கிடைக்கும். புதியவன் அங்கே விழுந்தால் அவனுக்கு நைட் (கவசக் குதிரைவீரன்) இருக்கிற நாட்டைக் கொடுத்து வளர விடுங்கள். உங்கள் அத்தை மகன் எந்த நாடு எடுப்பான்?

செம்பனைக்காடு:
வேறென்ன, திராவிடர்தான். வில்லேஜர் தமிழில் பேசுவது கேட்டு எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததிலிருந்து அவன் மாற்றுவதே இல்லை.

பழைய சைபர்கடை:
அப்போது கடல் மேப் போன சந்தோஷத்தை நீங்கள் கொண்டாடலாம். திராவிடருக்குத் தண்ணீர்தான் பலம், மீன்பிடியும் கப்பலும். நைட் கிடையாது. நடுவில் மாட்டினால் அவனுக்கே சங்கடம்.

செம்பனைக்காடு:
ஞாயிறு முடிந்தது. அறிக்கை: தாளில் எழுதினோம், நோமாட்டுக்குப் பதில் ரூன்ஸ்டோன்ஸ் போட்டோம், ஆளுக்கு ஒரு கோடு. கடைசிக் கோடு சின்ன லயத்துப் பையனுக்கு. அவன் கையில் அராபியாவும் ஹைட்அவுட்டும். பேனாவை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் யோசித்தான், அத்தை மகன் "அராபியா வையேன்டா, நான் உன்னைத் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்தான், அந்தச் சத்தியத்தைக் கேட்டதுமே பையன் அராபியாவை அடித்துவிட்டான்.

ஹைட்அவுட் ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது. எட்டு ஆடும் எண்ணிப் பிடித்தேன். தம்பி மட்டும் வேலி இருக்கிறதே என்று ஒரு ஈட்டிக்காரனைக்கூட வைக்காமல் விட்டான், எதிரணி அந்த வேலியை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாங்கள்தான் தோற்றோம், ஆனாலும் மேப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் தாளை யார் எழுதுவது என்று அத்தை மகன் கேட்க ஆரம்பித்திருக்கிறான், அந்த வேலையை அம்மாவிடம் கொடுத்தாயிற்று.

கருங்காடு:
பிளாக் ஃபாரஸ்ட் என்ன ஆயிற்று?

செம்பனைக்காடு:
முதல் கோடே அதன்மேல்தான் அண்ணே. அத்தை மகன்தான் அடித்தான்.