கேம்ப்பீஸி யாரு? கபடியில் தோற்ற தம்பிக்காகக் கேட்கிறேன்

தொண்டிக்காரன்:
போன வாரம் தேவிபட்டினம் பக்கம் கபடி செமி ஃபைனல். கடைசிப் பாட்டு (ரெய்டு), ரெண்டு பக்கமும் சமம், என் தம்பி சும்மா கோட்டைத் தொட்டுத் திரும்பியிருந்தாலே கூடுதல் நேரம் கிடைத்திருக்கும். போனஸுக்கு ஆசைப்பட்டுக் காலை நீட்டி மாட்டிக்கொண்டான். ஒரு பாயிண்டில் போச்சு. அன்றிலிருந்து களத்துப் பக்கமே வரவில்லை. சிட்னியில் இருக்கிற மச்சான் "அவனுக்கு கேம்ப்பீஸி கதையைச் சொல்லு" என்கிறான். யார் அந்த ஆள்?

பாம்பன் காத்து:
டேவிட் கேம்ப்பீஸி, ஆஸ்திரேலிய ரக்பி விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடுகிறவர். 1989, சிட்னி, பிரிட்டிஷ் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த அணி) அணியோடு மூன்றாவது டெஸ்ட், தொடர் 1-1. எதிராளி உதைத்த பந்து தன் கோல் கோட்டுக்குப் பின்னால் கையில் கிடைத்தது. கீழே வைத்து அமுக்கியிருந்தால் ஆபத்தில்லை. இவர் அங்கிருந்தே ஓட ஆரம்பித்து, பக்கத்தில் வந்த தன் அணி ஆள் கிரெக் மார்ட்டினுக்குத் தள்ளினார், அவர் கையில் நிற்கவில்லை, லயன்ஸின் யூவன் எவன்ஸ் அதன் மேல் விழுந்து டிரை (எதிராளி கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தரையில் அமுக்கிப் பாயிண்ட் எடுப்பது) போட்டுவிட்டார். 19-18 என்று லயன்ஸ் ஜெயித்தது. அதே ஒரு பாயிண்ட்!

ரெண்டு வருஷம் கழித்து, 1991 உலகக் கோப்பை, டப்ளினில் நியூசிலாந்தோடு செமி. ஒரு டிரை இவர் போட்டார், இன்னொன்றுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேல் டிம் ஹோரனுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார். 16-6. அப்புறம் ஃபைனலில் இங்கிலாந்தை 12-6 என்று ஜெயித்தார்கள். தொடரின் சிறந்த வீரர் இவர்தான்.

கீழக்கரை மரைக்கா:
கதை நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா அவர் 1982லேயே நாட்டுக்கு ஆட வந்தவர், 1996ல் விடும்போது 101 டெஸ்ட், 64 டிரை. அந்தத் தப்பு நடக்கும்போதே பெரிய ஆள், அணியை விட்டு யாரும் சுலபமாகத் தூக்க முடியாது. நம்ம பையனை அடுத்த மேட்சில் பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன செய்வான்? முதலில் கோச்சிடம் பேசுங்க.

பாம்பன் காத்து:
அது சரிதான். ஆனால் ஒன்று, அந்தப் பழியை வாங்கிய பிறகும் அவர் பயந்து ஆடவில்லை. பார்க்காமல் பின்னால் பந்து போடுகிறவன் பயந்தவனா?

தொண்டிக்காரன்:
நேற்று ராத்திரி வலை ஒக்கிட்டுக்கொண்டே சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டான். அப்புறம் ஒரே கேள்வி: "பந்தைப் பிடிக்க முடியாமப் போச்சே, அந்த மார்ட்டின் என்ன ஆனார்?"

பாம்பன் காத்து:
பிறகு டிவியில் ரக்பி வர்ணனை செய்தார் என்று சொல்லுங்க.