4294967297 பகா எண்ணா? கையால் சரிபார்க்க முடியுமா?

ரோஸ்ஹில்_மாணவி:
எச்.எஸ்.சி. கணித மன்றப் பலகைக்கு 2³² + 1 என்ற எண்ணை எடுத்திருக்கிறோம். விரித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. சின்னப் பகா எண்கள் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. பைத்தான் நிரல் மொழியில் அடி 2 வைத்து ஃபெர்மா சோதனை (எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்து மீதி பார்ப்பது; பகா எண் என்றால் 1 வரும்) செய்தால் 1 வருகிறது. அப்படியானால் பகா எண்தானே? இல்லை, 65536 வரைக்கும் உள்ள 6542 பகா எண்களையும் வகுத்துப் பார்க்க வேண்டுமா?

காத்ர்போர்ன்_கணக்கு:
பகு எண் தங்கச்சி. 641 × 6700417. 1732இலேயே கணிதர் ஆய்லர் காட்டிவிட்டார்.

6542 எல்லாம் வேண்டாம். ப என்ற பகா எண் இதை வகுத்தால், ப-வால் வகுக்கும்போது 2³²-இன் மீதி −1 (மடங்குக்கு ஒன்று குறைவு), 2⁶⁴-இன் மீதி 1. ஆகவே ப − 1 கட்டாயம் 64-இன் மடங்கு. பிறகு லூக்கா என்ற கணிதர் இதை 128 என்று இறுக்கினார். அதனால் 128க + 1 வடிவ எண்கள் மட்டும் போதும்: 129, 257, 385, 513, 641. இவற்றில் 257, 641 மட்டுமே பகா எண்கள். 257-ஐ முயலவே வேண்டாம்; 2⁸ = 257 − 1 என்பதால் 2³²-இன் மீதி 1, நம் எண்ணுக்கு மீதி 2. அடுத்ததே 641!

கையால் செய்ய: 2¹⁶ = 65536 = 641 × 102 + 154. அந்த 154-ஐ வர்க்கப்படுத்தினால் 23716; 641 × 37 = 23717. ஆக 2³²-இன் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம். கால்குலேட்டரே தேவையில்லை.

வாக்குவா_நிரலர்:
பைத்தான் விடை சரி, சோதனைதான் இங்கே செல்லாது. நம் எண்ணால் வகுத்தால், 2⁶⁴-இன் மீதி 1. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2³², அது 64-இன் மடங்கு. எனவே அடி 2-க்கு எப்போதும் 1தான் வரும். அடி 3 போடுங்கள்: 3029026160 வரும். 1 இல்லை, கதை முடிந்தது.

வேறு மொழியில் எழுதினால் கவனம். 32 பிட் மாறியில் (32 இரும இலக்கம் மட்டுமே கொள்ளும் இடம்) இந்த எண் அடங்காது. மேல் பிட் போய் வெறும் 1 நிற்கும். 64 பிட் மாறி எடுத்தாலும் இரண்டு மீதிகளைப் பெருக்கும்போது நிரம்பி வழியலாம். பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை.

காத்ர்போர்ன்_கணக்கு:
பலகைக்கு அழகான இன்னொன்று. இந்த எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு வழியில் வரும்: 65536² + 1², 62264² + 20449². 4-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்ணுக்கு ஒரே வழிதான் உண்டு. இரண்டாவது வழி கிடைத்தாலே பகு எண். மூலம் காரணிகளில் இருக்கிறது: 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. என்னைக் கேட்டால் 641-ஐ விட இதைத்தான் பெரிதாக எழுத வேண்டும்.

ரோஸ்ஹில்_மாணவி:
நன்றி அண்ணா. 6700417 மேலும் உடையாதா?

வாக்குவா_நிரலர்:
உடையாது. அதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதற்குள் அதே 128க + 1 வடிவில் வரும் பகா எண்கள், 257-ஐ விட்டால், 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622.