குக்கீயை அழித்தாலும் லாகின் போகாமல் இருக்க வழி உண்டா?

அம்மா போனில் ஒரு மருந்தைத் தேடினார். அன்று முதல் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதே மருந்தின் விளம்பரம். தன் நோய் யாருக்கெல்லாம் தெரிந்துவிட்டதோ என்று பயப்படுகிறார்.

தளங்கள் நம் போனில் சேமித்து வைக்கும் சிறு தகவல் கோப்புதான் குக்கீ. குரோம் செட்டிங்கில் மூன்றாம் தரப்பு குக்கீகளை, அதாவது நாம் திறக்கும் தளம் அல்லாமல் விளம்பர நிறுவனங்கள் போன்ற பிறர் வைப்பவற்றை, தடுத்தேன். அப்புறம் பழையவற்றை மொத்தமாக அழித்தேன். விளம்பரம் குறைந்தது, ஆனால் எல்லாத் தளங்களிலும் லாக் அவுட் ஆகிவிட்டது. லாகினை நினைவில் வைப்பதும் குக்கீதானே! ஒவ்வொரு பாஸ்வேர்டாக மறுபடி போட அம்மா மிகவும் சிரமப்படுகிறார்.

தினமும் பார்க்கும் நான்கைந்து தளங்களின் குக்கீயை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவை தானாக அழியும்படி போனில் செய்ய முடியுமா? கணினியில் ஃபயர்பாக்ஸில் இதற்கு விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. போனில்தான் தெரியவில்லை.

குக்கீக்கு அனுமதி கேட்டபோது ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்று ஏற்கெனவே அழுத்திய தளங்களில் அந்தச் சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.