வாசிக்கச் சொன்னால் ஒதுங்குகிறாள், எழுதச் சொன்னால் அழித்துக்கொண்டே இருக்கிறாள்: எங்கிருந்து தொடங்குவது?

மாலைவகுப்பு:
மூன்றாம் வகுப்புப் படிக்கும் 8 வயதுப் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறாள். புத்தகத்தைத் திறந்தால்தான் சிக்கல். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறாள். 'பறவை' என்று இருந்தால் 'பறந்து' என்கிறாள். 'கொடி' அவள் வாயில் 'கெடி' ஆகிறது. பார்த்து எழுதினால் பிழை இல்லை. சொல்வதை எழுதச் சொன்னால் ஐந்துக்கு மூன்று தப்பு, அதையும் தாள் கிழியும்வரை அழிக்கிறாள். இப்போதெல்லாம் தொடங்கும் முன்பே "எனக்கு வராது" என்கிறாள். தப்பான சொல்லைப் பத்து முறை எழுத வைக்கும்படி வீட்டில் சொல்கிறார்கள். அது பலன் தருமா? தினமும் அரை மணி நேரம் கிடைக்கும்.

எழுத்துக்கூட்டி:
பத்து முறை எழுத வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். 'மரம்' எழுதச் சொன்னால் மேலிருந்து கீழாகப் பத்து 'ம', அப்புறம் பத்து 'ர', கடைசியில் பத்து 'ம்' என்று எழுதி முடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கை வேலை செய்கிறது, சொல் மனதுக்குள் போவதே இல்லை.

"எனக்கு வராது" என்று சொல்லும் பிள்ளையிடம் "உன்னால் முடியும்" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. வந்ததை அவளே கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் சரியான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். 100 சொல் உள்ள ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லி, தப்புகளை அவளுக்குத் தெரியாமல் எண்ணுங்கள். 5-க்குள் என்றால் அவள் தனியாக வாசிக்கலாம். 10 வரை போனால் நீங்கள் கூட இருந்து வாசிக்க வேண்டிய பகுதி. அதற்கும் மேல் என்றால் அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவள் கேட்கட்டும். வகுப்புப் பாடப்புத்தகமே இந்த மூன்றாம் வகையில் வந்தாலும் பதற வேண்டாம். இரண்டாம் வகுப்பு அளவிலிருந்து தொடங்குவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, அட்டையில் வகுப்பு எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட இருந்து வாசிப்பது எப்படி? எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவள் வேகத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும். தனியாக வாசிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்போது மேசையைத் தட்டட்டும். உடனே நீங்கள் நிறுத்திவிடுங்கள். ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வரவில்லையா, முழுச் சொல்லையும் நீங்களே சொல்லுங்கள், அவள் ஒரு முறை திருப்பிச் சொல்லட்டும், மறுபடி சேர்ந்து வாசித்துக்கொண்டே போங்கள். நடுவில் "எழுத்துக்கூட்டிப் படி" என்று நிறுத்தினால் வாக்கியத்தின் பொருள் அறுந்துபோகும். எழுத்துக்கூட்டுவதற்குத் தனி நேரம் வையுங்கள்.

ஊகிக்கும் பழக்கத்துக்கு ஒரு துண்டு அட்டை போதும். சொல்லை மூடிவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகத் திறங்கள்: ப, பற, பறவை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. அட்டையை மெல்ல நகர்த்தினால் 'கொ'வில் முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில்தான் கால் தெரியும். அவள் 'கெடி' என்று வாசிப்பது இதனால்தான்: கொம்பையும் 'க'வையும் பார்த்ததும் கண் 'கெ' என்று முடிவு செய்துவிடுகிறது. சில பிள்ளைகள் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கெரடி' என்றுகூட வாசிப்பார்கள். ஆகவே கொம்பும் காலும் சேர்ந்த முழு எழுத்தையும் ஒரே நகர்த்தலில் திறங்கள். கொம்புக்கும் காலுக்கும் ஒரே நிறம் தீட்டி, அடியில் ஒரு வளைகோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கெடு–கொடு, செல்–சொல், மெட்டு–மொட்டு என்று ஜோடிகளாகக் கொடுங்கள். இரண்டுமே உண்மையான சொற்கள் என்பதால் ஊகம் கை கொடுக்காது, பார்த்தே ஆக வேண்டும். இது உறுதியான பிறகு கே, கோ. நான்கையும் ஒரே நாளில் கொட்டினால் எல்லாம் குழம்பும்.

சொல்வதெழுதல்:
பார்த்து எழுதினால் சரி, கேட்டு எழுதினால் தப்பு என்றால் கை எழுத்தை வரைகிறது, காது இன்னும் எழுத்தோடு இணையவில்லை. அதனால் பார்த்தெழுதலில் பிழையில்லாததை முன்னேற்றமாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதல் வாரம் தினம் ஆறாக 30 சொல் எழுதச் சொல்லி, தப்புகளை நீங்கள் தனியாகப் பிரித்துப் பாருங்கள்: குறில் நெடில் மாறியவை, கொம்பு மாறியவை, மெய் விட்டுப்போனவை, ண–ன–ந, ர–ற, ல–ள–ழ, பேச்சு வழக்கை அப்படியே எழுதியவை. பெரும்பாலும் எல்லாம் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கிவிடும். "முப்பதில் பதினெட்டு தப்பு" என்று கேட்கும் பிள்ளை துவண்டுபோகும். "ரெண்டே இடத்துலதான் இடறுது, முதல்ல இதைப் பார்ப்போம்" என்றால் நிமிர்ந்து உட்காரும்.

காதால் பிடிக்கக்கூடியதை முதலில் எடுங்கள். படம்–பாடம், பாடு–பாட்டு, குறிலுக்குக் கையை ஒரு தட்டு, நெடிலுக்கு இழுத்து ஒரு வீச்சு. அடுத்து விதியால் பிடிக்கக்கூடியவை. 'ட'வுக்கு முன் ண், 'ற'வுக்கு முன் ன், 'த'வுக்கு முன் ந்: வண்டி, கன்று, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்களிலேயே விதி ஒளிந்திருக்கிறது. மூன்று சுழி, இரண்டு சுழி என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அந்த உதவி போய்விடும். 'ர்' இரட்டிக்காது, அதனால் வெற்றி, காற்று எல்லாமே 'ற்ற'. இந்த இரண்டு விதி கைக்கு வந்தாலே நிறையச் சொற்களைத் தயங்காமல் எழுதுவாள். மீதியைச் சொற்குடும்பமாகப் பழக்குங்கள்: பற, பறவை, பறந்தது. 'ழ'வை 'ள' என்று சொல்லிவிட்டுக் காதால் கேட்டு எழுதச் சொல்வது மட்டும் அநியாயம். சொல்பவர் நாக்கு முதலில் மடங்க வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு நான்கு புதுச் சொல், அதற்குமேல் வேண்டாம். பார், சொல், மூடு, எழுது, ஒப்பிடு. ஒப்பிடுவதை அவளே செய்யட்டும், எழுத்து எழுத்தாக. 'பள்ளிக்கூடம்' ஏழு எழுத்து. அவள் 'பள்ளிகூடம்' என்று எழுதினால் ஆறு சரி. முழுச் சொல்லுக்கும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டால் அந்த ஆறும் தெரியாமல் போய்விடும். அழிப்பானை எடுத்து வைத்துவிடுங்கள். தப்பின் மேல் ஒரே கோடு, மேலே சரியானது. அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று அதே சொற்களைத் திரும்பக் கேளுங்கள்.

மாலைவகுப்பு:
கொம்பு விஷயம் எனக்கே இப்போதுதான் உறைக்கிறது, நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. "சூப்பர்" என்று பாராட்டினால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் பி (b), டி (d) சின்ன எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறுகின்றன, அதையும் சேர்த்து எடுக்கலாமா?

சிறப்புக்கல்வி:
பொதுவாகப் பாராட்டினால் அவள் நம்ப மாட்டாள். நடந்ததைச் சொல்லுங்கள்: "மொட்டுன்னு படிச்சிட்டு நீயே திரும்பிப் போய் மெட்டுன்னு மாத்தின." தானே திருத்திக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விட நல்ல அறிகுறி, கண்ணில் பட்டதும் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலம் தனி நாளில் இருக்கட்டும். அந்த இரண்டு எழுத்தையும் ஒன்றாகக் கற்பிக்கவே கூடாது. ஒன்று தயக்கமில்லாமல் வந்த பிறகு மற்றது. 7 வயதுவரை பல பிள்ளைகளுக்கும் இது மாறும், இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கண்ணையும் காதையும் ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். புத்தகத் தூரத்தில் பார்வை எப்படி என்பதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, சில மாதம் ஒழுங்காகக் கற்பித்தும் நகரவில்லை என்றால், டிஸ்லெக்ஸியா இருக்கிறதா என்று கல்வி உளவியலாளரிடம் மதிப்பீடு செய்வது நல்லது. குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்ததா என்றும் கேளுங்கள். டிஸ்லெக்ஸியா என்பது அறிவுக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் வரும் சிரமம். நிறக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது தீர்வு சொன்னால் அதில் பணத்தைப் போடாதீர்கள்.

வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாமல், வாசிக்க வேண்டிய பத்தியை முந்தைய நாளே கொடுத்துவிட்டால் அவள் தயாராகி வருவாள்.

எழுத்துக்கூட்டி:
அரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: நேற்று வாசித்த பகுதி மறுபடி 5 நிமிடம், சேர்ந்து வாசிப்பது 10, சொற்கள் 10, கடைசி 5 நிமிடம் நீங்கள் அவளுக்குக் கதை வாசிப்பது. நேரம் குறைந்தால் சொற்களைக் குறையுங்கள், கதையை விடாதீர்கள்.

வீட்டில் பழைய கதைப் புத்தகங்கள் இருந்தால் கொடுக்கும் முன் புரட்டிப் பாருங்கள். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். இப்போதுதான் எழுத்தை நம்பத் தொடங்கும் பிள்ளைக்கு அது வேண்டாத குழப்பம். சில ஆண்டுகள் கழித்துக் காட்டிக்கொள்ளலாம்.